தோள் மட்டம்

ஒருத்தன் எதையாவது சும்மா கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டால் தருமலிங்கம் அவன் கையைப் பார்க்க மாட்டார், கண்ணைப் பார்ப்பார். அறுபத்தெட்டு வயதுவரை அப்படிப் பார்த்தே பழகியவர். குப்பத்துக்குப் பெரியதனக்காரராக இருக்கிறவர் பின்னே வேறெப்படி இருக்க முடியும்? துறைமுகத்தில் வேலை தருகிறோம் என்று காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வந்தவர்களையும் சரி, ஓட்டுக் கேட்டு வந்து புடவை கொடுத்தவர்களையும் சரி, நிற்க வைத்தே பேசி அனுப்பியவர் அவர்.

மார்கழி வாடை ஏரியின் மேல் கூரிய பல்லோடு வீசிக்கொண்டிருந்த ஒரு காலை. வீச்சுவலையை வேலிமேல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மருமகள் அர்ச்சனா டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இன்னாம்மா?"

"கம்பெனில ஒரு விசயம் மாமா."

காட்டூர்ச் சாலையில் இருக்கிற நண்டுக் கம்பெனியில் அர்ச்சனா சூப்பர்வைசர். கல்யாணமாகி வந்தபோது மேசையில் உட்கார்ந்து நண்டு உடைத்தவள்தான். பத்தாவது படித்திருந்ததாலும் வாய் தெளிவாக இருந்ததாலும் மேலே வந்துவிட்டாள். தருமலிங்கத்தின் மனைவி தனக்கோடி அதே கம்பெனியில், அதே கூடத்தில், இன்னும் மேசையில் உட்காருகிறாள். மாமியார் உடைக்க, மருமகள் மேற்பார்வை பார்க்கிறாள் என்று குப்பத்தில் சிரித்தார்கள். தருமலிங்கம் காதில் விழ யாரும் சிரித்ததில்லை.

"வேல நடுவுல கொஞ்ச நேரம் உடற்பயிற்சி வைக்கணும்னு கேட்டுக்கினு கீறேன். கை, கழுத்து, தோளு எல்லாம் நீட்டி மடக்கறதுக்கு. மேனேஜரு ஒத்துக்குவாரு போல கீது. ஆனா நீங்க வந்து ஒரு வார்த்த சரின்னு சொன்னாத்தான் முதலாளிகிட்ட பேசுவாராம்."

"நான் இன்னாத்துக்கு அதுல?"

"போன தபா கேமரா வச்சப்ப நீங்க வேன மறிச்சீங்க இல்ல. அந்தப் பயம் போவல அவங்களுக்கு."

தருமலிங்கம் மீசையைத் தடவினார். பெண்கள் தலைவாரிக் குல்லா போடுகிற அறையின் வாசலில் கேமரா வைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, வேனுக்கு முன்னால் படகைக் கவிழ்த்துப் போட்டு மறித்தவர் அவர். கேமராவை எடுத்த பிறகுதான் ஒரு பெண் வேலைக்குப் போனாள். அந்தப் பெருமை முகத்தில் தெரியாமலிருக்க டீயை ஊதினார்.

"அந்த நேரத்துக்குக் கூலி?"

"கிலோ கணக்குலதான கூலி. நின்னு போற நேரத்துக்குத் தனியாப் போட்டுக் குடுக்கறேன்னாரு. கேட்டு வாங்கிட்டேன்."

"வேலயும் செய்ய வேணாம், கூலியும் தர்றேன், கையத் தூக்கு அப்படின்றானா?" கிளாஸை வேலிக்கம்பின் மேல் வைத்தார். "அப்ப அவனுக்கு வேண்டியது நண்டு இல்ல. அந்தக் கைதான். எந்தக் கை மேல போவுது, எது போவலன்னு பாக்கணும் அவனுக்கு."

"அப்படில்லாம் இல்ல மாமா."

"உனக்குத் தெரியாது. நான் கயிறு பாத்தவன்."

கயிறு பார்ப்பது அந்தக் குப்பத்து வழக்கம். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் சுத்துவலை போடுவது என்பது சீட்டில் தீர்மானமாகும். அந்த முறைக்குப் பாடு என்று பேர். தை பிறந்து, கங்கையம்மன் கோயில் எதிரே அந்தச் சீட்டுப் போடுவதற்கு முன்னால், வயசாளிகளை வரிசையில் நிற்க வைத்து, தண்ணீரில் கிடக்கிற வலையின் கயிற்றைக் கையில் கொடுப்பார்கள். இழுத்துக் கரை சேர்த்தவனுக்கு முழுப்பங்கு. முடியாதவனுக்கு அன்றிலிருந்து அரைப்பங்கு, சாகிறவரை. முதல் கயிறு பெரியதனக்காரர் பிடிக்க வேண்டும். தான் பிடிக்காத கயிற்றை அடுத்தவனிடம் கொடுக்கக் கூடாது. தருமலிங்கம் வருஷாவருஷம் முதலில் பிடித்து, பிறகு கரையில் நின்று ஒவ்வொருத்தன் தோளாகப் பார்ப்பார். கயிறு இறுகுமுன்பே தெரிந்துவிடும் அவருக்கு, இவன் இழுப்பான், இவன் இந்த வருஷம் உட்கார்ந்துவிடுவான் என்று. ஒருத்தருக்கும் சலுகை காட்டியதில்லை, சொந்த அண்ணனுக்கும் அப்படித்தான்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரன் கண்ணை அவரால் யோசிக்க முடிந்தது.

அர்ச்சனா கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தனக்கோடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பரணிலிருந்த சோற்றுத்தூக்கை எடுக்க வலதுகையைத் தூக்கினாள், எட்டவில்லை. எட்டுவதைப் போல நின்றுவிட்டு, "இந்தா அர்ச்சனா, அத்த எடு, எனக்கு ஈரக் கை," என்றாள். கை ஈரமாக இல்லை. தருமலிங்கம் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிச் சிலவற்றை அவர் கொஞ்ச காலமாகப் பார்த்து வந்தார். கொண்டை போடுகிறவள் ஜடை பின்னி முன்னால் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். கொடியில் துணி காயப்போடுவதில்லை, வேலிமேல் போட்டாள். ரவிக்கை போடும்போது கதவைச் சாத்தி நேரமெடுத்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் சொல்ல வேண்டிவரும், சொன்னால் அது வீட்டுக்குள் உட்கார்ந்துவிடும். மகன் பூபதி எண்ணூர்ப் பக்கம் கப்பல் வேலைக்குப் போய் மாதக்கணக்காகிறது. முகத்துவாரம் மணல்மேடிட்டு ஏரியில் மீன் குறைந்த பிறகு, அந்த வீட்டில் அடுப்பெரிவது அந்த இரண்டு பெண்களின் கையால்தான். பெரியதனக்காரர் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கமில்லை.

வேன் வருமிடம் புங்கமரத்தடி. பெண்கள் முக்காடு போட்டு, கூடையைக் காலிடுக்கில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தருமலிங்கம் வலைக்கு ஈயக்குண்டு பார்க்கப் போகிறவர் போல அந்தப் பக்கம் நடந்தார். குப்பம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். அவள் நாக்குக்குப் பயந்து வேன் டிரைவர் நேரத்துக்கு வருவான்.

"பெரியதனம், எங்களுக்கு டிரில்லு வைக்கப் போறாங்களாமே. இஸ்கூல்ல போடாத டிரில்லு, பல்லு போன காலத்துல போடச் சொல்றா உங்க மருமக."

"நீ போடுவியா?"

"நான் போடுவேன், எனக்கு இன்னா, கை மரத்துல மாட்டற அளவுக்குப் போவும். போவாதவங்க கதி?" குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜரு உங்க மருமகள ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு. யார் யாருக்குத் தோளு வலி, பேரு சொல்லுன்னு. கண்ணாடிக்கு வெளிய நான் தரை கழுவிக்கினு இருந்தேன். காதுல விழுந்துச்சு."

"சொன்னாளா?"

"அதுக்குள்ள அந்த மிசினு போட்டுட்டான் பாவி. ஒண்ணும் கேக்கல."

வேன் வந்தது. தனக்கோடி இடதுகையால் கம்பியைப் பிடித்து, உடம்பைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். அர்ச்சனா பின்னால் நின்று மாமியாரின் இடுப்பில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். யாரும் பார்க்காத மாதிரி செய்தாள். தருமலிங்கம் பார்த்தார். பேர் கேட்டிருக்கிறான். இவள் என்ன சொன்னாளோ. வேன் கிளப்பிய தூசு அடங்குகிற மட்டும் அங்கேயே நின்றார்.

அன்று சாயங்காலம் மருமகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வர்றேன்னு சொல்லு உன் மேனேஜருகிட்ட," என்று மட்டும் சொன்னார். "ரூமுக்குள்ள பேச மாட்டேன். எல்லாப் பொம்பளைங்களும் நிக்கணும்."

வெள்ளிக்கிழமை விடியலில் ஏரிக்குப் போனார். இடுப்பளவு நீரில் நின்று வலையை வீசினார். தலைக்குமேல் சுழன்று விரிந்து வட்டமாக விழுந்தது. மடவை மீன் கொஞ்சம் கிடைத்தது. தனக்கோடி ஆய்ந்து, புளி தூக்கலாகக் குழம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவர் சலவை வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, காட்டூர் போகிற ஷேர் ஆட்டோவில் முன்சீட்டு கேட்டு வாங்கி உட்கார்ந்து போனார்.

கம்பெனி வாசலிலேயே அவித்த நண்டின் வாசனை வந்து முகத்தில் ஒட்டியது. கூடத்தில் எஃகு மேசைகள் நீளமாக. வெள்ளைக் கோட்டும் குல்லாவும் முகமூடியுமாகப் பெண்கள் குனிந்து உட்கார்ந்து, சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து, வெள்ளைச் சதையைக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சதை கெடாமலிருக்க அறையைக் குளிராக வைத்திருந்தார்கள். ஈரமும் குளிரும் குனிந்த கழுத்தும். நண்டு எத்தனை உடைத்தாலும் கை தோளுக்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லாத வேலை அது. வருஷக்கணக்கில் ஒரு கை மேலே போகாமலே இருந்தால் அதற்கு வழி மறந்துபோகும் என்று அவருக்குத் தோன்றியது.

மணி அடித்ததும் எல்லோரும் வெளி முற்றத்துக்கு வந்தார்கள். மேனேஜர் மனோஜ் முப்பத்தைந்து வயசுக்காரன், திருவள்ளூர்ப் பக்கத்து ஆள், சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டிருந்தான். பக்கத்தில் பொன்னேரியில் பிசியோதெரபி பார்க்கிற பானுப்ரியா என்ற பெண். அர்ச்சனா சற்றுத் தள்ளி நின்றாள்.

"உக்காருங்க பெரியவரே."

"நின்னே பேசலாம். இதுல உனக்கு இன்னா லாபம்? அத்த மொதல்ல சொல்லு."

மனோஜ் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

"லாபம் இருக்குங்க, மறைக்கல. பழகின கைங்க எல்லாம் தோள் போச்சுன்னு நின்னுடறாங்க. புதுசா வர்றவங்க ஓட்டோட சேத்து உடைச்சி வைக்கிறாங்க, சரக்கு திரும்பி வருது. இருக்கறவங்க நல்லா இருந்தா கம்பெனிக்கு நல்லது. அர்ச்சனாதான் சொல்லிச் சொல்லி எனக்குப் புரிய வெச்சாங்க."

"லாபம்னு சொன்ன பாரு, அது வரைக்கும் சரி. பேரு எதுக்குக் கேட்ட?"

"எந்தப் பேரு?"

"தோளு வலிக்கிறவங்க பேரு."

குப்பம்மாள் தன் கால்செருப்பைப் பார்த்தாள். மனோஜ் அர்ச்சனாவைப் பார்த்தான்.

"கேட்டாரு மாமா," என்றாள் அர்ச்சனா. "வலிக்கிறவங்களுக்கு மட்டும் வைக்கலாம், பேரு குடுன்னாரு. குடுக்கல. குடுத்தா அடுத்த சீசனுக்கு அவங்க இருக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். வச்சா எல்லாருக்கும் வைங்க, இல்லன்னா வேணாம்னேன்."

தருமலிங்கம் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வலையில் விழுந்ததை விடாத பார்வை.

"சரி. இப்ப எல்லாரும் கையத் தூக்குவாங்க. வராதவங்கள இன்னா செய்வ?"

"அதெல்லாம் மேலிடம் முடிவு பண்றது…"

"மேலிடம் இங்க இல்ல. நான் உன்னத்தான் பாத்துக்கினு கீறேன். எங்க ஊர்ல கயிறு இழுக்க வராதவனுக்கு அரைப்பங்கு உண்டு, கட்டைல போற வரைக்கும். உன் கம்பெனில இன்னா உண்டு?"

மனோஜ் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான். முதுகைக் காட்டி நெடுநேரம் பேசினான். ஒரு கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பெண்கள் முகமூடிக்குள் முணுமுணுத்தார்கள். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் வேர்வை.

"யாரையும் நிறுத்த மாட்டோம். ரொம்ப முடியாதவங்களை எடை போடற இடம், பேக்கிங்னு மாத்தி வெப்போம். முதலாளி சரின்னுட்டாரு."

"என்கிட்ட சொல்லாத. அவங்ககிட்ட சொல்லு."

சொன்னான். இரண்டாவது தடவை உரக்கச் சொல்ல வைத்தார்.

"இன்னொண்ணு. எங்க வழக்கத்துல மொத கயிறு தலைவன்தான் பிடிப்பான். நீ மொதல்ல தூக்கு."

மனோஜ் போனை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் வந்தான். பானுப்ரியா சொல்லச் சொல்ல இரண்டு கையையும் மேலே கொண்டுபோனான். சட்டை பேன்ட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தது. கை காதருகே வந்து நின்றது. முகம் கோணியது. முகமூடிகளுக்குள் சிரிப்பு பொங்கியது.

"சாரு, நாங்க உடைச்ச நண்டு எல்லாம் வயித்துலயே தங்கிடுச்சி போல," என்றாள் குப்பம்மாள்.

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "பெரியவரே, நான் உங்க வழக்கப்படி செஞ்சுட்டேன். உங்க ஊருக்குத் தலைவர் நீங்கதானே. நீங்களும் வாங்க," என்றான்.

மறுக்க முடியாது. அவர் போட்ட கயிறுதான் அது. துண்டை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். பானுப்ரியா பெண்களுக்கும் சேர்த்துச் சொன்னாள்: "வலது கை. மெதுவா. பக்கவாட்டுல… மேலே… காது வரைக்கும்."

வெள்ளைக் கோட்டுக் கைகள் எழுந்தன. எல்லாம் ஒரே வெள்ளை, எல்லாம் ஒரே முகமூடி. ஆனாலும் தன் மனைவியை அவருக்குத் தெரியாதா? மூன்றாவது வரிசையில் சுவரோரம். அவள் கை மார்பு மட்டம்வரை வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குமேல் போகவில்லை. அவளைச் சுற்றி எல்லாக் கைகளும் மேலே போய்க்கொண்டிருக்க, அந்த இடம் மட்டும் கரையில் உடைந்த கட்டைபோலத் தெரிந்தது.

தருமலிங்கம் மனோஜைப் பார்த்தார். மனோஜின் கண் முதல் வரிசையில் ஒவ்வொரு தோளாகப் போய்க்கொண்டிருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டான்தான். முதலாளியும் சரியென்றுதான் சொன்னானாம். ஆனால் அந்தக் கண் எங்கே போகிறது, என்ன தேடுகிறது என்று அவருக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை. அது இரண்டாவது வரிசைக்கு வந்தது.

அவர் கை அப்போது தோளைத் தாண்டி எழுந்துகொண்டிருந்தது. விடியலில் வலையைச் சுழற்றிய கை. அதை அப்படியே நிறுத்தினார். மெல்ல இறக்கி, மார்பு மட்டத்தில் கொண்டுவந்து பிடித்தார்.

"அம்மா," என்றார் சத்தமாக. "எனக்கு இவ்ளோதான் வருது."

மனோஜின் கண் வரிசையை விட்டுவிட்டு அவரிடம் திரும்பியது. எல்லோர் கண்ணும் திரும்பியது.

"உங்களுக்கா ஐயா?" என்றாள் பானுப்ரியா.

"ஏன், எனக்குன்னா வயசாவாதா? வரல. அவ்ளோதான்."

"பரவால்லைங்க, வலிக்கிற இடத்துல நிறுத்துங்க. யாருக்கு எது வரைக்கும் வருதோ அது வரைக்கும் போதும். யாரும் பக்கத்துல இருக்கறவங்களப் பாக்காதீங்க."

குப்பம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு, மரக்கிளையில் மாட்டுகிற அளவுக்குப் போயிருந்த தன் கையைத் தோள் மட்டத்துக்கு இறக்கிக்கொண்டாள். "ஆமாம்மா, எனக்கும் பிடிக்குது," என்றாள்.

சாயங்காலம் வேன் வருமிடத்தில் காத்திருந்தார். அர்ச்சனா முன்னால் போய்விட, அங்கிருந்து வீடுவரை தனக்கோடி எப்போதும்போல அவருக்கு நாலடி பின்னால் நடந்தாள். உப்பளத்து வேலிக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடம் வந்ததும் கேட்டாள்.

"காலைல வல போட்டீங்க. மடவைய நான்தான ஆஞ்சேன்."

"அப்ப வந்துச்சி. அப்புறம் வரல."

"தைல கயிறு பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"எத்தினி மாசமா?" என்று கேட்டார், திரும்பாமல்.

"ஆடிலருந்து. அர்ச்சனாவுக்கு மட்டும் தெரியும். சொல்லக் கூடாதுன்னு அம்மன் மேல ஆணை வாங்கிட்டேன். அவ சொல்லாமக் கொள்ளாம இத்தினி பேருக்கும் கேட்டுக்கினு நிக்கறா."

"கம்பெனிக்காரனுக்குப் பயந்து என்கிட்டயும் மறைப்பியா?"

"கம்பெனிக்காரனுக்கு யாரு பயந்தா?" என்றாள் தனக்கோடி. "உங்களுக்குத்தான் பயந்தேன். கயிறு வராதவன நீங்க எப்பிடிப் பாப்பீங்கன்னு வருசா வருசம் கரையில நின்னு பாத்துக்கினுதான கீறேன்."

அவர் நடையைக் குறைத்தார். நாலடி இரண்டடியானது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சின்னப்பன் வந்துவிட்டான். குப்பத்தில் அவருக்கு அடுத்த வயசு, அடுத்த இடம். வேனில் வந்த சேதி அதற்குள் தெருவெல்லாம் நடந்திருந்தது. கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"அண்ணாத்தே, கை வரலன்னு பேசிக்கிறாங்க. நான் நம்பல. எங்க அண்ணாத்தே அந்தக் கம்பெனிக்காரன டபாய்ச்சிருக்காருன்னு சொன்னேன். சரிதான?"

நல்ல வழிதான் திறந்துவிட்டான். ஆமாம்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தையில் முதல் கயிறு அவர் கையில். ஆனால் அந்த வார்த்தை விடிந்தால் வேனில் ஏறும். காட்டூர்ச் சாலையில் இறங்கும். கிழவன் எதற்காகக் கையை இறக்கினான், யாருக்காக இறக்கினான் என்று ஒருத்தன் யோசிக்க ஆரம்பிப்பான். சின்னப்பன் எதற்காகக் கேட்கிறான் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். பீடிப் புகைக்கு மேலே அவன் கண் தருமலிங்கத்தின் வலது தோளில் இருந்தது.

"நெசந்தான்," என்றார் தருமலிங்கம். "வரல."

"அப்ப தைல?"

"நீ மொதல்ல பிடி. நான் அரைப்பங்கு."

சின்னப்பன் பீடியைக் காலால் அணைத்தான். சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. "உடம்பப் பாத்துக்கோ அண்ணாத்தே," என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

உள்ளே அடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் தனக்கோடி நின்றிருந்தாள். வலதுகை விரல்களைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு விரலாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். சட்டியிலிருந்து தப்பிய நண்டு சுவரேறுவது போலிருந்தது. பானுப்ரியா சொல்லிக்கொடுத்த பயிற்சியாம். ஏறி நின்ற இடத்தில் அர்ச்சனா அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டாள்.

"நாளைக்கு இதுக்கு மேல அத்த."

"பாப்போம் போ."

அர்ச்சனா வாசலில் நின்றவரைப் பார்த்தாள். "மாமா, நீங்களும் வாங்க. கை வரலன்னு சொல்லிட்டீங்க. திங்கக்கிழம மேனேஜரு கேப்பாரு, பெரியவரு செய்றாரான்னு."

"கேப்பான். அவன் கண்ணு அப்படி," என்றார் தருமலிங்கம்.

சின்னப்பன் போய்விட்டானா என்று தெருவை எட்டிப் பார்த்தார். உப்பளத்து வேலித் திருப்பத்தில் பீடிப் பொறி ஒன்று தெரிந்து மறைந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு சுவரண்டை வந்து, மனைவிக்குப் பக்கத்தில் நின்று, வலதுகை விரல்களை ஊன்றி மெல்ல ஏற்றினார். கரிக்கோட்டுக்கு ஒரு விரல் கீழே வந்ததும் நிறுத்திக்கொண்டார்.